செக்போஸ்ட்டைத் தூக்கச் சொன்னார்கள்

1

இந்தக் கதை என் மூளையில் பிறந்ததன்று. ஒரு மின்தூக்கியில் நான் ஒட்டுக்கேட்டது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு எவரும் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்பட வேண்டாம்.

நாங்கள் மூன்று பேர். ஒரு பெண், கையில் சாப்பாட்டுப் பை. ஓர் இளைஞன், கக்கத்தில் தலைக்கவசம். மூன்றாவது ஆள் நான். என்னை அவர்கள் சுவரோடு சுவராக எண்ணிக்கொண்டார்கள்.

"அண்ணி, நூத்துக்கு எட்டு போகுது. எட்டு! யாராவது சும்மா விடுவாங்களா?"

"போனா போகட்டும். வாசல்ல ஆள் நிக்கணும்."

"நிக்கட்டும், யார் வேணாம்னா? அதுக்காக ஒவ்வொருத்தரையும் நிறுத்தி நிறுத்திக் கேக்கணுமா?"

"ஒவ்வொருத்தரையும்தான். உன்னையும் சேர்த்து."

சொத்துத் தகராறு என்றே முடிவு கட்டினேன். கொழுந்தன் பொதுச் சொத்தில் கை வைக்கிறான், அண்ணி குறுக்கே நிற்கிறாள். அடுத்த மாடி வருவதற்குள் நான் அண்ணியின் கட்சியில் சேர்ந்துவிட்டேன். விசாரிக்காமல் கட்சி சேர்வது மேடையில் பேசிப் பழகியவர்களின் தொழில் நோய்.

கீழே இறங்கியதும் கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "எந்தச் சொத்தும்மா அது?" என்று கேட்டேவிட்டேன். இருவரும் ஒருசேரச் சிரித்தார்கள். சண்டையிட்டவர்கள் சேர்ந்து சிரித்தபோதுதான் இதில் ஒரு கதை இருக்கிறது என்று பட்டது. தேநீர்க்கடை வாசலில் நின்றபடியே அவள் கொஞ்சம் சொன்னாள். அவள் சொன்னது ஒரு கைப்பிடி. இனி வருவதில் பெரும்பங்கு நான் இட்டுக்கட்டியது. ஐயம் எழும் இடத்திலெல்லாம் இட்டுக்கட்டியது என்றே கொள்க.

2

எப்படித் தொடங்குவது?

முதல் வரைவு: "கணிப்பொறியின் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாத கோட்டைவாசலில், கடமையே உருவெடுத்தாற்போல் ஒரு காவலன் வாளேந்தி—"

நிறுத்தினேன். கோட்டையும் இல்லை, வாளும் இல்லை. இருப்பது நிரலில் நான்கைந்து வரி. அதற்கு மீசை வைக்க எனக்கு உரிமை கிடையாது.

இரண்டாம் வரைவு: "கெர்னல் எனப்படுவது வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் இடையே அமைந்து, வளங்களைப் பகிர்ந்தளிக்கும் பொருட்டு—"

எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாம் வரைவு. இதுவே நிற்கிறது:

அலுவலகத்தில் அந்த அண்ணியைச் செக்போஸ்ட் என்று அழைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவள் அதைக் கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதித் தன் நாற்காலியின் முதுகில் ஒட்டிக்கொண்டாள். கேலி அன்றோடு செத்தது, பெயர் பிழைத்துக்கொண்டது.

அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது ஓர் இயங்குதளம். அதன் அடித்தளத்தில் இருந்து அத்தனையையும் ஆள்வது கெர்னல். வலையின் வழியே வரும் செய்திகள் பொட்டலம் பொட்டலமாக வந்து சேர்கின்றன. கெர்னல் அவற்றை வாங்கி, நினைவகத்தில் அறை அறையாக அடுக்கி வைக்கிறது. ஏதோ ஒரு செயலி வந்து "எனக்கு இவ்வளவு கொடு" என்று கேட்டால், அறைக்குள் கைவிட்டு அள்ளித் தருகிறது. அறையில் இருப்பது சிறிது, கேட்பது பெரிது என்றால்? அள்ளுகிற கைக்குக் கண் இல்லை. அடுத்த அறையில் இருப்பதையும் சேர்த்து வாரிக் கொடுத்துவிடும். அந்த அடுத்த அறையில் எவருடைய கடவுச்சொல்லோ, எவருடைய நோய்க்குறிப்போ இருக்கக்கூடும்.

ஆகவே கை உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி: கேட்பது இருப்பதற்குள் அடங்குமா? அடங்காவிட்டால், இருப்பதை மட்டும் கொடு. கூடவே ஓர் எச்சரிக்கையும் எழுது. அந்தக் கேள்விதான் சோதனை; எழுதியவள் அவள். ஒரு கேள்விக்கு ஆகும் நேரம் தூசு. கண்ணிமைப்பதற்குள் இலட்சக்கணக்கான பொட்டலங்கள் புகும் வாசலில் தூசு சேர்ந்து மேடாகிவிடுகிறது. அந்த மேட்டுக்குத்தான் நூற்றுக்கு எட்டு என்று அளவு சொன்னார்கள். அத்தனை வேகம் குறைகிறதாம்.

ஒரு மருத்துவமனைக் குழுமம், நோயாளிகளின் படுக்கையருகே உள்ள கருவிகளையெல்லாம் ஒரே வலையில் இணைக்க முடிவு செய்திருந்தது. இரண்டு நிறுவனங்களின் இயங்குதளங்களை ஓடவிட்டுப் பார்த்து, வேகமானதை வாங்குவார்கள். எதிராளியின் வாசலில் கேள்வியே கிடையாது. "நம்ம வாசல்ல மட்டும் எதுக்கு?" என்பதுதான் இப்போது அலுவலகம் முழுக்கப் பேச்சு.

3

கொழுந்தனைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம்.

அவனுக்கு ராக்கெட் என்று பெயர். வேகப் பிரிவின் தலைவன். முதலில் அவனை வில்லனாகத்தான் எழுதினேன்: "பளபளக்கும் கைக்கடிகாரத்தைத் திருகியபடி, அவன் உதட்டோரம் ஒரு—" அடித்துவிட்டேன். எதிரியை முட்டாளாக்கிக் காட்டி வெல்வது, ஆளில்லாத மேடையில் வாதாடி வெல்வதற்குச் சமம். அவன் கெட்டிக்காரன். பொட்டலங்களுக்குப் புதுப்புது அறைகள் கட்டி வீணாக்காமல், காலியான அறையையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தவன். அந்த முறையால்தான் போட்டியில் நுழையவே அவர்களுக்குத் தகுதி கிடைத்தது.

தவிர, அவன் அவள் வீட்டிலேயே இருக்கிறான். சம்பளம் வந்ததும் தனி வீடு பார்ப்பேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன், சம்பளம் உயர்ந்தும் நகரவில்லை. அலுவலகச் சண்டை அவர்களோடு வீட்டுக்கும் வந்தது.

"வாரம் முழுக்க உக்காந்து அரையும் காலுமா வேகத்தைச் சேக்கறேன் அண்ணி. நீங்க ஒரே வரில எட்டை எடுத்துட்டுப் போறீங்க."

"நான் எடுக்கல. அது வாசலுக்கு ஆகிற செலவு."

"எதிராளி அந்தச் செலவைப் பண்ணலையே."

"அவன் வீட்டுக்குக் கதவு இல்லன்னா நம்ம கதவையும் கழட்டி வெச்சுடலாமா?"

"பாருங்க, மறுபடி மேடைப் பேச்சு. நம்பர் சொல்லுங்க, நம்பர்!"*

அவள் கணவன் பல் கட்டும் தொழிலாளி. நாள் முழுதும் பிறர் வாய்க்கு அளவெடுப்பவன். தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னான்: "எனக்கு ஒரு மண்ணும் புரியல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். உங்க ரெண்டு பேர்ல யார் ஜெயிச்சாலும் பாத்திரம் கழுவறது நான்தானா?"

"இன்னிக்கு உங்க தம்பி முறை."

"நாந்தான் வேகமாக் கழுவுவேனே," என்றான் ராக்கெட்.

"நீ கழுவினதை நான் திரும்பக் கழுவணும்டா," என்றான் அண்ணன்.

(இந்த வரியை நீக்கச் சொல்லி எனக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. கதையின் கருத்து முழுவதும் பாத்திரத் தொட்டியிலேயே தீர்ந்துபோகிறதாம். போகட்டும். அந்த மனிதன் அதைத்தான் சொன்னான்.)

* "மேடைப் பேச்சு" என்று அவன் ஏளனம் செய்தது என் காதிலும் விழுந்தது. பொறுத்துக்கொண்டேன். கதாபாத்திரங்களோடு சண்டைக்குப் போனால் கதை நகராது.

4

இயக்குநர் அறை. ஒரு நீள மேசை, சுவரில் பெரிய திரை, கதவருகே பாதி வாடிய செடி ஒன்று. இயக்குநர் அதட்டும் ஆள் அல்லர். அதட்டியிருந்தால் அவளுக்கு வேலை எளிதாகியிருக்கும்.

"உக்காரும்மா. எடுத்துடுன்னு நான் சொல்லவே இல்ல. ஒரு சுவிட்ச் வெச்சுடலாம். வேணுங்கறவங்க போட்டுக்கட்டும், வேணாங்கறவங்க அணைச்சுக்கட்டும். ரெண்டு பக்கமும் சந்தோஷம்."

"நாம அனுப்பும்போது அந்த சுவிட்ச் எப்படி இருக்கும் சார்?"

"...அணைஞ்சிருக்கும்."

"அப்ப அது அணைஞ்சேதான் சார் இருக்கும். எல்லா எடத்துலயும், எப்பவும்."

நானே மேடையேறிச் சொல்லியிருந்தாலும் இத்தனை சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வாசகரே, சற்றே பொறுத்தருள்க.

விருப்பம் என்பது அழகிய சொல். அந்தச் சொல்லின் மறைவில் எத்தனை அநீதிகள் குடித்தனம் நடத்துகின்றன என்று எண்ணிப் பாருங்கள்! "வேண்டியவர் கேட்டுப் பெறலாம்" என்ற ஏற்பாட்டில், கேட்கத் தெரிந்தவர் பெறுவார். கேட்கத் தெரியாதவர் இழப்பார். இழந்ததும் அவருக்குத் தெரியாது. படுக்கையில் கிடக்கும் நோயாளியா வந்து கெர்னலின் சுவிட்சைப் போடுவார்? அவருக்கு ஊசி போடும் செவிலியா போடுவார்? பெட்டியைத் திறந்ததும் எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த நிலைதான் சட்டம். மற்றதெல்லாம் முன்னுரை. எனவே எவரேனும் உங்களிடம் "நாங்கள் பாதுகாப்பை மறுக்கவில்லை, விருப்பத்துக்கு விட்டிருக்கிறோம்" என்று சொன்னால், அந்த மனிதரின் கண்ணைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பெட்டியைத் திறந்ததும்—

(கைதட்டலுக்காகக் காத்திருக்கிறேன் என்று தெரிகிறது. கதைக்குத் திரும்புகிறேன்.)

அவர்கள் தொழிலில் ஒரு மரபு உண்டு. கெர்னலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர். அந்தப் பகுதியில் ஒரு வரி மாறினாலும் அடியில் அவர் ஒப்பம் வேண்டும். குழுவின் பெயர் செல்லாது, நிறுவனத்தின் பெயர் செல்லாது. ஒரு மனிதரின் பெயர் வேண்டும். ஒருமுறை இட்டால் அந்த நிரல் உள்ளவரை அந்தப் பெயர் அழியாது. எத்தனை ஆண்டு கழித்து எவர் தோண்டினாலும், இதை ஒப்புக்கொண்டவர் இன்னார் என்று அது காட்டும்.

வலைப் பகுதிக்குப் பொறுப்பாளர் அவள்.

"நான் ஒப்பம் போட மாட்டேன் சார்."

"பொறுப்பாளரை மாத்தற அதிகாரம் எனக்கு இருக்கும்மா."

"இருக்கு. மாத்துங்க. மாத்தினவங்க பேரும் கீழ வரும்."

இயக்குநர் செடியைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லு. போட்டிக்கு முன்னாடி சொல்லு," என்றார்.

5

இந்த இடத்தில் கதைக்கு ஒரு திருப்பம் தேவை. நான் எழுதிய முதல் திருப்பம் இது:

"அவள் ஓட்டிப் பார்த்தபோது, பக்கத்து அறையிலிருந்து கசிந்து வந்த எழுத்துகள் திரையில் தெரிந்தன. ராக்கெட் இயக்குநருக்கு இரகசியமாக எழுதியிருந்த சொற்கள்! 'அண்ணியை அகற்றிவிட்டு அந்த இடத்தை எனக்கே—'"

சீ! கிழித்துப் போட்டேன். வீட்டுக்குள் ஒரு துரோகியைப் பிடித்துக் கொடுத்துவிட்டால், வாசகர் துரோகியை வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவார். நூற்றுக்கு எட்டு அப்படியே நிற்கும்.

இரண்டாம் திருப்பம் இது. இதை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு தானாகக் கொண்டுவந்து கொடுத்தது.

"எட்டுன்னு எப்படி அளந்தே? காட்டு," என்று அவள் வேகப் பிரிவின் ஆய்வகத்துக்குப் போனாள். இரண்டு கணினிகள், நடுவே ஒரு தடித்த கம்பி, காதை அடைக்கும் விசிறிச் சத்தம். அளக்கும் நிரலை அவன் திறந்து காட்டினான். முதல் வரியிலேயே அவள் விரல் நின்றது.

"இது என்ன?"

"அதுவா? கெர்னல் தன் செய்திகளை வெளில காட்டறதை நிறுத்தி வைக்கறது. திரைல சளசளன்னு ஓடினா அளவு கெட்டுப்போகும். அளக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் போடறதுதான் அண்ணி."

"அதை எடுத்துட்டு ஓட்டு."

"அளவு தப்பா வரும்."

"வரட்டும்."

எடுத்தான். ஓட்டினான். திரையில் மழை பிடித்துக்கொண்டது. வரிக்கு மேல் வரி, வரிக்கு மேல் வரி, ஒரே எச்சரிக்கை: கேட்டது பெரிது, இருப்பது சிறிது. கேட்டது பெரிது, இருப்பது சிறிது.

ராக்கெட் திரையருகே குனிந்தான். அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. கெட்டிக்காரன் என்று சொன்னேன் அல்லவா? காலியான அறையை மறுபடி பயன்படுத்துவது அவன் முறை. அறையைக் காலி செய்தவன், அதன் கதவில் எழுதியிருந்த பழைய அளவை அழிக்க மறந்துவிட்டான். பெரிய பொட்டலம் இருந்த அறைக்குள் சின்னப் பொட்டலம் வந்து அமர்ந்தாலும், கதவு பழைய பெரிய அளவையே சொல்லிக்கொண்டிருந்தது. செயலி அதை நம்பி, இருப்பதைவிடப் பெரிதாகக் கேட்டது. ஒவ்வொரு முறையும் சோதனை அதைப் பிடித்தது. பிடித்து, தடுத்து, கூவியது. கூவியதைத் திரையில் காட்டாமல் நிறுத்தினார்களே தவிர, கூவுவதற்கு ஆகும் நேரத்தை நிறுத்தவில்லை. அந்த நேரத்தையும் சேர்த்து அளந்துவிட்டு, "இவள் எட்டுத் தின்கிறாள்" என்று புகார் எழுதினார்கள்.

எச்சரிப்பவரின் வாயைப் பொத்துவது. பொத்திய கைக்குள் அவர் திமிறினால், பார், இவரால் எத்தனை தொல்லை என்று ஊரைக் கூட்டுவது! இது கணினி அறையில் மட்டுமா நடக்கிறது என்று கேட்டு ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். நீக்கிவிட்டேன். அந்தப் பக்கத்தை நீங்களே எழுதிக்கொள்வீர்கள்.

"அண்ணி," என்றான் ராக்கெட். விசிறிச் சத்தத்தில் அவன் குரல் பாதிதான் கேட்டது. "இது இல்லாம அனுப்பியிருந்தா..."

"பேசிட்டு நிக்காதே. அளவை அழிக்கற வரியை எழுது. திரும்ப ஓட்டலாம்."

எழுதினான். எச்சரிக்கை ஒன்றுகூட வரவில்லை. அளந்தார்கள்.

இங்கே என் பேனா சுழியம் என்று எழுதத் துடித்தது. எட்டும் பொய், சோதனைக்குச் செலவே இல்லை, நீதி வென்றது, திரை விழுந்தது! எழுதியும் விட்டேன். பிறகு தேநீர்க்கடை வாசலில் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது: "செலவே இல்லன்னு சொல்றவங்களைத்தான் சார் நான் முதல்ல நம்ப மாட்டேன்." அடித்தேன். திரையில் வந்த எண்ணை எழுதுகிறேன்.

மூன்று.

நூற்றுக்கு மூன்று. பிழையெல்லாம் திருத்திய பிறகும், எந்தத் தந்திரத்தாலும் குறையாத, சோதனையின் உண்மையான விலை.

6

இறுதிக் கூட்டம். நீள மேசையின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் ராக்கெட், தலைப்பக்கத்தில் இயக்குநர்.

"ரெண்டு பேரும் சேர்ந்து பெரிய தப்பைக் கண்டுபிடிச்சீங்க. சந்தோஷம்," என்றார் இயக்குநர். "இப்ப அந்தத் தப்பு சரியாயிடுச்சு. இல்லையா?"

"ஆயிடுச்சு சார்."

"அப்ப இனிமே காவல் எதுக்கும்மா? மூணு மிச்சமாகுமே. எதிராளி நம்மைவிட முன்னால இருக்கறதே ரெண்டுதான்."

அவள் சிரித்தாள். கோபத்தில் வரும் சிரிப்பு.

"சார், போன வாரம் வரைக்கும் இந்தத் தப்பு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. எழுதினவனுக்கும் தெரியாது. இப்ப தெரியாம இன்னும் எத்தனை இருக்குன்னு யாராவது சொல்ல முடியுமா?"

இயக்குநர் மறுபடி செடியைப் பார்த்தார்.

"நான் பொய் சொல்ல வரல சார். மூணு போகும். உண்மையாவே போகும். போட்டில தோத்தாலும் தோப்போம். வாங்கறவங்ககிட்ட அதை அப்படியே சொல்லலாம். மூணு ஏன் போகுதுன்னும் சொல்லலாம். ஆனா காவலை எடுத்துட்டு, வேகமா இருக்கோம்னு மட்டும் சொல்றதுக்கு என் பேரைத் தர மாட்டேன்."

"இங்க எழுபது பேர் வேலை பாக்கறாங்க. அவங்க வீட்டுக்கும் கதவு இருக்கும்மா," என்றார் இயக்குநர். அவர் குரலில் வஞ்சகம் இல்லை, களைப்பு இருந்தது. அதனால்தான் அந்தச் சொல் அவளைக் குத்தியது.

ஆனாலும் தலையை இடவலமாக அசைத்தாள்.

"சரி. இந்த நிமிஷத்துலேர்ந்து வலைப் பகுதிக்குப் பொறுப்பாளர் ராக்கெட். மாத்தினது நான், என் பேரைப் போட்டுக்கறேன்." இயக்குநர் அதைத் தட்டச்சு செய்தார். மடிக்கணினியை மேசைமீது தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு ராக்கெட்டின் முன் வந்து நின்றது. "சோதனையை அணைக்கற மாற்றம் அதுல இருக்கு. அடியில ஒப்பம் வரி காலியா இருக்கு. போடுப்பா."

அவன் அண்ணியைப் பார்த்தான்.

"என்னை எதுக்குப் பாக்கறே?" என்றாள் அவள். "நான் இப்ப யாரும் இல்ல. உனக்கு சரின்னு பட்டாப் போடு. வீட்டுல வந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். சோறும் வழக்கம்போலக் கிடைக்கும். எனக்குப் பயந்து போடாம இருந்தா, அதைவிட அசிங்கம் எனக்கு வேற இல்ல."

அவன் விசைப்பலகையின் மேல் கையை வைத்தான்.

7

மூன்று முடிவுகள் என் மேசையில் கிடக்கின்றன.

ஒன்றில் அவன் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து நிற்கிறான். அரங்கம் அதிரும். ஆனால் அது என் கை அவன் கையைப் பிடித்து மூடியது; வாசிக்கும் எவருக்கும் அது தெரிந்துவிடும்.

மற்றொன்றில் அவன் ஒப்பமிடுகிறான், போட்டியில் வெல்கிறார்கள், பிறகொரு நாள் எங்கோ ஒரு மருத்துவமனையில் ஒருவரின் விவரம் மற்றொருவரின் பொட்டலத்தில் ஏறிப் போய்— வேண்டாம். கேடு நடந்துதான் காவல் சரியென்று மெய்ப்பிக்கப்பட வேண்டுமா? நடக்காமலே போகலாம். ஆண்டுக்கணக்கில் ஒன்றும் நடக்காமல், எல்லோரும் நலமாக இருந்து, அவளைப் பைத்தியக்காரி என்று சொல்லிச் சிரிக்கலாம். அப்போதும் அவள் சொன்னது சரிதான். இதை ஏற்க முடியாதவர்கள் இந்தக் கதையை இங்கேயே மூடிவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

மூன்றாவதில் வாங்க வந்தவர்களே "எங்களுக்குச் சோதனை வேண்டும்" என்று கேட்டுவிடுகிறார்கள். அதை எழுதிய தாளை வைத்து மேசையைத் துடைத்தேன்.

எனவே முடிவை எழுத மறுக்கிறேன். ஏலாமல் அல்ல, எழுதினால் உங்களை விடுவித்துவிடுவேன் என்பதால் மறுக்கிறேன். அவன் என்ன செய்தான் என்று தெரிந்துகொண்டு, பாராட்டியோ பழித்தோ, நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். போக விடமாட்டேன்.

உங்களுக்கு வேண்டிய அத்தனையும் சொல்லிவிட்டேன். விலை நூற்றுக்கு மூன்று; பொய்யில்லை. எழுபது குடும்பங்கள், அதுவும் பொய்யில்லை. இனிக் கண்டுபிடிக்கப்பட வேண்டிய பிழைகள் எத்தனை என்பது எவருக்கும் தெரியாது. அதுவே எல்லாவற்றிலும் பெரிய உண்மை. அவனுக்குத் தெரியாத எதுவும் உங்களுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியாத எதுவும் எனக்கும் தெரியாது.

எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை. கட்சி சேர்வது எளிது. நானே ஒரு மாடி இறங்குவதற்குள் சேர்ந்தவன்தான். நான் கேட்பது வேறு. சோதனையை அணைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், "காலத்தின் தேவை" என்று போடாதீர்கள், "மேலிடத்து முடிவு" என்று போடாதீர்கள், "நாங்கள்" என்று போடாதீர்கள். அந்தக் கெர்னல் அவற்றையெல்லாம் ஏற்காது, நானும் ஏற்கமாட்டேன். உங்கள் தாய் தந்தை உங்களை அழைக்க வைத்த பெயரை, எழுத்துக்கூட்டி, முழுமையாக இடுங்கள்.

மடிக்கணினியை உங்கள் பக்கம் திருப்பிவிட்டேன்.

மாற்றம்: வலைப் பகுதியில் நினைவகச் சோதனை அணைக்கப்படுகிறது.

ஒப்பம்: